இன்னும் ஒரு கரண்டி

ஜனவரி 19

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. உன் முட்டிவலி தேவலையா? விசாரிப்பு முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற பேச்சு இது. நம் கடையில் போனை எடுத்தால் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள் என்று சொல்லி என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

"உன் மாமா ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்படியில்தான் இருப்பார், போய்ப் பார்" என்று ரயிலடியில் சொல்லி, காணாமல் போன உன் வீட்டுக்காரரைத் தேட அனுப்பினாய். என்னவோ மொத்தம் நாலு கடை இருப்பதுபோல. இங்கே ஒரு தெருவுக்கே பத்து இருக்கிறது. போட்டோவைக் காட்டிக் கேட்டால் என்னைப் போலீஸ் ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அதனால் ஒழுங்காக ஒரு முறை வைத்துக்கொண்டேன். நகர வரைபடத்தைப் பென்சிலால் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறேன். தினமும் மதியம் ஒரு புதுக் கடை. ஒரு கட்டத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை. எங்கள் கம்பெனி சமையலறைப் புகைபோக்கி மாட்டுகிற கம்பெனி என்பதால் பாதிக் கடைகளுக்குள் நேராகவே போய்விடலாம். மீதிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவப் போகிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்க்கிறேன்.

இதுவரை பார்த்தது: பாங்க் கட்டடங்களுக்குக் கீழே கண்ணாடிக் கடைகள். நின்றுகொண்டே தின்கிறார்கள். இலை தழையைக் குளிரவைத்து டப்பாவில் போட்டுத் தருகிறார்கள், அதற்கு வரிசை வேறு. அடுப்பே இல்லாத கடையில் மாமா இருக்க வாய்ப்பில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிலவறையில் ஒரு கடை. அவரையும் கறியும் போட்டுக் கெட்டியாக ஒன்று தருகிறார்கள், ரொட்டியைக் கிழித்துத் தொட்டுக்கொள்ளலாம், வயிறு நிறைகிறது. புகைபோக்கி மோட்டாரைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தான். சொன்னேன். "உன்னை யாருப்பா கேட்டா?" என்றான். மூன்று சமையல்காரர்கள், மூவருமே மாமா இல்லை.

வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

அக்கா எழுதுவது. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. வலிக்காமல் போனால் காணாமல் போய்விட்டதோ என்று தேடுவேன். உன் கடிதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படித்தேன்.

மோட்டார் தலைகீழாக இருந்தால் உனக்கென்னடா? சாப்பிடப் போன இடத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதே. அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்பாய்.

நீ முகத்தைத்தான் பார்க்கிறாய். தாடி வைத்திருந்தால் என்ன செய்வாய்? கைப்பக்குவத்தைப் பார். அவர் சூப் வைக்கும்போது வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் கருக்கி, பிறகுதான் உரித்துப் போடுவார். குடித்து முடித்த பிறகு தொண்டையில் லேசாகப் புகை வாடை நிற்கும். கீரையைக் கத்தியால் நறுக்க மாட்டார், கையால்தான் கிள்ளுவார். கத்தி பட்டால் கோபித்துக்கொள்ளும் என்பார். கேட்டுச் சிரிக்காதே.

இரவிலும் ஏதாவது சூடாகச் சாப்பிடு. நம் கடை ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். வருகிறவர்கள் அவரைக் கேட்டால், நகரத்தில் பெரிய இடத்தில் வேலை என்று சொல்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

புகை வாடை கிடைத்தது. ஆற்றுப் பாலத்தை ஒட்டி ஒரு பெரிய ஓட்டல். விடுமுறை நாளில் பதினொரு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள், மூன்று மணிவரை ஒரே சாப்பாடு. பிரஞ்ச் என்று பலகையில் எழுதியிருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காதவர்களுக்கும் மதியம்வரை பொறுக்காதவர்களுக்கும் சேர்த்து வைத்த பெயர். முட்டை, ரொட்டி, பழம், கேக், எல்லாம் ஒரே தட்டில். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் முட்டையைத் தொடாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. முட்டை ஆறிப் பிளாஸ்டிக்காகிவிட்டது. சொன்னேன். முறைத்தார்கள்.

சூப் வந்தது. முதல் மடக்கில் புகை. கரண்டியைப் போட்டுவிட்டு நேராக அடுப்படிக்குள் போனேன். வெங்காயத்தைக் கருக்கிக்கொண்டிருந்தது ஒரு பெண்மணி. "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "எங்கம்மா. ஏன், உங்கம்மா சொல்லிக்கொடுக்கலையா?" என்றார். வெளியே வந்துவிட்டேன்.

இப்போது நேராகக் கேட்கிறேன். சொந்தக் கடை, சொந்த அடுப்பு, வரிசையில் நிற்கிற ஆட்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒருத்தர் இங்கே வந்து கூலிக்குச் சமைக்க வேண்டிய அவசியம் என்ன? உங்களுக்குள் சண்டையா? காரணம் தெரியாமல் தேடுவது, பழுது எங்கே என்று தெரியாமல் மிஷினைப் பிரிப்பதுபோல. எனக்குப் பிடிக்காத வேலை.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. கடைக் கூரையில் ஒழுகல், ஆள் வைத்து அடைத்தேன். பாத்திரம் தேய்க்கிற அம்மா வேலையை விட்டு நின்றுவிட்டாள், வேறு ஆள் தேடுகிறேன்.

சண்டை எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேள்.

அடுத்து எந்தக் கட்டம்? மார்க்கெட் பக்கம் பார்த்தாயா? அங்கே விடியற்காலையிலேயே அடுப்பு பற்றவைப்பார்கள், பெரிய கை தேவைப்படும்.

ஊற்றிக் கொடுக்கிற தண்ணீரையெல்லாம் குடிக்காதே.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். மார்க்கெட் கட்டம் முடிந்தது. மூட்டை தூக்குகிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோழியும் உருளைக்கிழங்கும். நன்றாக இருந்தது. மாமா இல்லை.

கோர்ட் கட்டமும் முடிந்தது. வக்கீல்கள் சத்தமாகச் சாப்பிடுகிறார்கள். மாமா இல்லை.

வேலை அதிகம், இனி அடிக்கடி எழுத முடியாது. உனக்கும் கடை இருக்கிறது. எத்தனை நாள்தான் இதையே நினைத்துக்கொண்டிருப்பாய்? யோசித்துப் பார்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீதான் சரியில்லை.

சின்ன வயதில் சைக்கிளைப் பிரித்து மாட்டினால் ஒரு நட்டு மிஞ்சினாலும் மறுபடி முழுக்கப் பிரிப்பாயே, அந்தப் பிள்ளைதானே நீ? உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மார்க்கெட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் சரக்குக் கிடங்குத் தெரு என்று ஒன்று இருக்கிறது. நாம் அப்பாவோடு அங்கே வந்திருக்கிறோம். ஒரு கட்டத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று எழுதினவன், அதைத் தாண்டிக் குதித்திருக்கிறாய். அங்கே எங்கே சாப்பிட்டாய், என்ன சாப்பிட்டாய், ஒரு வரி இல்லை. எவனுடைய புகைபோக்கியையும் குறை சொல்லவும் இல்லை.

வேறு பெண் இருந்தாலும் சொல். நான் அழுது ஊரைக் கூட்ட மாட்டேன். உயிரோடு இருக்கிறாரா? அதை மட்டுமாவது எழுது.

அக்கா

மே 13

அக்காவுக்கு,

இருக்கிறார். வேறு பெண் யாரும் இல்லை.

சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார். வாக்கைக் காப்பாற்றலாம் என்று அந்தத் தெருவை விட்டுவிட்டு எழுதினேன். பொய் சொல்லத் தெரியாதவன் மறைக்கவும் முயற்சிக்கக் கூடாது. இனி முழுவதும் எழுதுகிறேன்.

கிடங்குத் தெருவில் ஒரு கேன்டீன். சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு, நீள மேசைகள், தகரத் தட்டு. புகைபோக்கி அடைத்துக்கொண்டது என்று கம்பெனி என்னை அனுப்பியது. பின்கட்டில் காற்றே வராத ஓர் அறை. அங்கே ஒருவர் குந்தி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மாமா.

"மாப்ளே, இளைச்சுட்டியே," என்றார். ஒன்றரை வருஷம் காணாமல் போனவர் பேசுகிற முதல் பேச்சைப் பார்.

"நீங்க ஏன் அடுப்புல இல்லை?" என்று கேட்டேன்.

"அடுப்புல நிக்கிறவனுக்கு நாக்கு வேணும். எனக்கு இல்லை."

பிறகு சொன்னார். அந்தப் பெரிய காய்ச்சல் வந்து தேறினாரே, அப்போதே வாசனையும் ருசியும் போய்விட்டதாம். திரும்ப வரவே இல்லை. வெல்லமும் மண்ணும் அவருக்கு ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. கை பழகிய அளவிலேயே சமைத்தார், கடையில் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. நாக்கு போனாலும் கை போகவில்லை என்று ஒரு வருஷத்துக்குமேல் பெருமையாக இருந்ததாம். ஒரு நாள் அந்தப் பாத்திரம் தேய்க்கிற அம்மா வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். "நீங்க முன்பக்கம் போனதும் அக்காதானே ஒவ்வொரு பானையா உப்பு பார்த்துச் சரி பண்ணும்?"

அன்றைக்கே கிளம்பிவிட்டாராம். இங்கே வந்து மூன்று கடைகளில் அடுப்பில் நின்றிருக்கிறார். மூன்றிலும் துரத்திவிட்டார்கள். "அவங்க மரியாதையா உண்மையைச் சொன்னாங்க மாப்ளே. 'உன் சாப்பாட்டை நாய் தின்னாது'ன்னு முகத்துக்கு நேரா சொன்னான் ஒருத்தன். அவனைக் கும்பிடணும்போல இருந்துச்சு," என்றார்.

அக்கா, இது நிஜமா? காரணம் கேட்டு எழுதினேனே. கூரை ஒழுகுகிறது என்று பதில் போட்டாய்.

தம்பி

மே 29

தம்பிக்கு,

நிஜம்தான்.

காய்ச்சல் விட்ட முதல் வாரமே தெரிந்துவிட்டது. பால் திரிந்திருந்தது, தெரியாமல் குடித்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? "உங்களுக்கு இனி சமைக்க வராது" என்று சொல்ல வேண்டுமா? அவர் அடுப்பில் நிற்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. பானையை இறக்கிவிட்டு, பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுத முன்பக்கம் போவார். எனக்கு அந்த நேரம் போதும். உப்பு கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவேன், குறைந்தால் ஒரு சிட்டிகை. இன்னொரு தடவை அந்த நாட்கள் வந்தாலும் இதையேதான் செய்வேன். அவர் சந்தோஷமாக இருந்தார்.

அந்த அம்மா நின்றுவிட்டாள் என்று எழுதினேன் இல்லையா? நீ காரணம் கேட்டதும், உன்னிடம் உளறிவிடுவாளோ என்று நான்தான் நிறுத்தினேன்.

வருகிறேன். அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை. நான் வருவதை அவரிடம் சொல்லாதே. சொன்னால் இருக்க மாட்டார்.

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

சொல்லிவிட்டேன். கோபப்படாதே. ஒருத்தருக்குத் தெரியாமல் அவர் நல்லதுக்கு ஏதாவது செய்கிற வேலை நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து, அதன் விளைவையும் பார்த்தாயிற்று.

ஓடிப்போகவில்லை. கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சனிக்கிழமை ஆள் கம்மி. ஒரு பானை மட்டும் நான் வைக்கட்டுமான்னு மாஸ்டரைக் கேட்கிறேன்" என்றார். அந்தக் கேன்டீனின் தலைமைச் சமையல்காரரைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். முரட்டு ஆள், ஆனால் சரி என்றிருக்கிறார். மாமா முடி வெட்டிக்கொண்டார். எனக்கென்னவோ உன்னோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

பன்னிரண்டு மணிக்கு ரயிலடியில் இருப்பேன். வழியில் எதுவும் சாப்பிடாதே.

தம்பி

ஜூலை 3

அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு மேசையில் நடந்தது உனக்குத் தெரியும். அடுப்படியில் நடந்தது தெரியாது. மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவோ குறைக்கவோ இல்லை.

"காலையிலேயே பையைக் கட்டி வெச்சிட்டான். என்னடான்னு கேட்டேன். 'ஊருக்குப் போறேன் மாஸ்டர், பொண்டாட்டி வர்றா, அவகூடவே'ன்னான். சூப் வெச்சான். நல்லாத்தான் வெச்சான், நான் குடிச்சுப் பார்த்தேன். அப்புறம் உப்பு டப்பாவை எடுத்தான். ஒரு கை. ரெண்டு கை. நான் கையைப் பிடிச்சேன். 'விடுங்க, எவ்வளவு போடுறேன்னு எனக்குத் தெரியும். இப்ப குடிச்சுப் பாருங்க, குடிக்க முடியுதா?'ன்னான். வாயில வெச்சுட்டுத் துப்பினேன். 'கடல் தண்ணி தேவலை'ன்னேன். 'அப்ப சரி, கொண்டு போய்க் குடுங்க'ன்னான்."

அந்த சூப்தான் நமக்கு வந்தது.

முதல் கரண்டியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரண்டியை வைத்து வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் நீ என் காலை மிதித்தாய். கட்டை விரல் நகம் இன்னும் கறுத்திருக்கிறது. நீ குடித்தாய். முகம் சுளிக்காமல், ஊதி ஊதிக் குடித்தாய். பரிமாறுகிற ஜன்னலுக்குப் பின்னால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி" என்றாய்.

அவர் வெளியே வந்தார். "எப்படி இருக்கு?" என்றார்.

"உங்க கை மாறவே இல்லை" என்றாய்.

என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ளே. நீ பொய் சொல்ல மாட்டே."

உன் கால் இன்னும் என் கால்மேல்தான் இருந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரிடமும், மோட்டார் தலைகீழாக இருக்கிறது, முட்டை ஆறிவிட்டது என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். "நல்லா இருக்கு மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். சிரித்த முகமாகவே தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "கை கழுவிட்டு வர்றேன்" என்றது நமக்குச் சொன்னது. மாஸ்டரிடம் சொன்னது வேறு. "கேட்டுட்டேன் மாஸ்டர். ரெண்டு பேருமே சொல்லலை. ஒருத்தராவது துப்பியிருந்தா அவகூட ஊருக்குப் போயிருப்பேன்." பையை எடுத்துக்கொண்டு சரக்கு வாசல் வழியாகப் போயிருக்கிறார். நாம் மேசையில் உட்கார்ந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மறுபடி எல்லாக் கட்டத்தையும் முதலிலிருந்து போட்டுத் தேடுகிறேன். அடுப்படிகளை விட்டுவிட்டேன், பின்கட்டுகளை மட்டும் பார்க்கிறேன். பாத்திரம் தேய்க்கிற இடம், மூட்டை இறக்குகிற இடம். எங்கேயும் இல்லை. இந்த ஊரிலேயே இல்லை என்று நினைக்கிறேன்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும்தான்.

தம்பி

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனேன். அதுதான் தாமதம். நகம் விழுந்துவிட்டதா? புதிது முளைக்கும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஜன்னலில் அவர் நிற்பதும் தெரிந்தது. வேண்டுமென்று போட்டார் என்பது மட்டும் தெரியவில்லை. பாவம், கையும் போய்விட்டதே என்றுதான் நினைத்தேன். அவர் பார்க்கிறாரே, கிண்ணம் காலியாகாவிட்டால் மனசு உடைந்துபோவாரே என்றுதான் இன்னொரு கரண்டி கேட்டேன். வயிறு எரிந்தது. ரயிலில் வரும்போது வாந்தி எடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

உன்மேல் தப்பில்லை. மிதித்தது நான்.

இனிமேல் கட்டம் போடாதே. அறைக்குப் பக்கத்தில் ஒழுங்கான கடை ஒன்றைப் பார்த்து, தினமும் மதியம் அங்கேயே சாப்பிடு. முகம் தெரிந்தால் ஒரு கரண்டி கூடப் போடுவார்கள்.

நேற்று மதியம் கடையில் நல்ல கூட்டம். லாரி ஓட்டுகிற ஒருவர், புது ஆள், சூப்பைக் குடித்துவிட்டு, "என்னம்மா, உப்பு இல்லையே?" என்றார். மற்றவர்கள் எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பிறகுதான் விசாரித்தேன். பல நாளாகவே அப்படித்தான் இருக்கிறதாம், அங்கிருந்து திரும்பியதிலிருந்து நான் ருசி பார்க்காமலேயே பானையை இறக்கியிருக்கிறேன். என் நிலைமையைப் பார்த்து ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு அந்த லாரிக்காரரிடம் போனேன். "ஆமாங்க, இல்லைதான்" என்று சொன்னேன். அவர் உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மீதியையும் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது. சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா